தேநீர் வட்டம் அமைப்பது எப்படி? ஐந்து பேரும் ஒரு தராசும் போதும்

பல தேயிலைகளைச் சுவைத்து ஒப்பிடக் கோவையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் தேநீர் வட்டம் இரண்டு முறை செத்து, மூன்றாவது முறை பிழைத்தது. முதல் முறை முப்பது பேருக்கு மேல் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தோம். பெயர் வைத்தோம், சின்னம் வரைந்தோம், பனியன்கூட அடித்தோம். டீ மட்டும் ஆறிப்போய்க் கைக்கு வந்தது. இரண்டாவது முறை விலை கூடிய தேயிலையாக வாங்கிக் குவித்தோம். வாங்கியவர்கள் பேச, மற்றவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த மாதம் வராமல் இருந்துவிட்டார்கள்.

இப்போது நடப்பது ஐந்து பேரில் தொடங்கியது. எங்களைப் பார்த்து வேறு ஊர்களில் தொடங்கியவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் செய்தது தவறான வேலையல்ல. பத்தாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. ஆள் சேர்ப்பதற்கு முன், ஒரே டீயை இரண்டு முறை ஒரே மாதிரி போடுங்கள்

இது தனியாகச் செய்ய வேண்டிய வேலை. காலையில் போட்ட டீயும் மாலையில் போட்ட டீயும் வேறு வேறாக இருந்தால், நாளைக்கு நான்கு ரகத்தை வரிசையாக வைத்து ஒப்பிடச் சொல்லும்போது வித்தியாசம் தேயிலையில் இருக்கிறதா உங்கள் கையில் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

தேயிலையைச் சுவைத்து ஒப்பிடுவதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச அளவுமுறை உண்டு. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். ரசித்துக் குடிப்பதற்கான அளவு அல்ல இது. தேயிலையின் குறை நிறை இரண்டும் வெளியே வந்து நிற்பதற்கான அளவு. புதியவர்களுக்கு 6 நிமிடம் நாக்கைப் பிடிக்கும் என்பதால் நாங்கள் 4 நிமிடத்தில் வடித்துவிடுகிறோம். நீங்கள் எதை வைத்துக்கொண்டாலும் சரி, அன்றைய எல்லாக் கோப்பைக்கும் அதுவே.

ஸ்பூனால் அளக்கும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். பொடியான டஸ்ட் ரகத்தில் ஒரு ஸ்பூன் பிடிக்கும் எடைக்கு, நீளமாகச் சுருண்ட இலைத் தேயிலையில் இரண்டு மூன்று ஸ்பூன் வேண்டியிருக்கும். "இந்த இலை டீயில் சத்தே இல்லை" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் பாதி எடைதான் போட்டிருப்பார்கள்.

2. தண்ணீரை முடிவு செய்யுங்கள்

தேயிலைக்குச் செலவழிக்கும் யோசனையில் கால் பங்கையாவது தண்ணீருக்குச் செலவழிக்க வேண்டும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் ஒரு சுவை, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் வேறொரு சுவை. உப்புத் தண்ணீரில் போட்ட பால் சேர்க்காத டீயைச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய் போல ஒரு படலம் கட்டும். ஸ்பூனால் தொட்டால் சில்லுச் சில்லாக உடையும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் தேயிலையின் துவர்ப்புப் பொருளும் சேர்ந்து செய்யும் வேலை அது. நிறம் மங்கும், வாசனை அடங்கிவிடும். மறுபக்கம், எல்லா உப்பையும் எடுத்துவிட்ட ஆர்.ஓ. தண்ணீரில் டீ சப்பென்று இருக்கும்.

ஒரே தேயிலையை மூன்று தண்ணீரில் போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எந்த வீட்டில் கூட்டம் நடந்தாலும் அதே தண்ணீரை கேனில் கொண்டுபோங்கள். இதை விட்டுவிட்டால், சென்ற மாதக் குறிப்பையும் இந்த மாதக் குறிப்பையும் சேர்த்து வைத்துப் படிக்க முடியாது.

3. வாங்க வேண்டியது கொஞ்சம்

நகைக்கடையில் பார்க்கும் சிறிய மின்தராசு, 0.1 கிராம் வரை காட்டுவது. ஒரு வெப்பமானி. தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் அல்லது மூக்குள்ள பாத்திரம். உள்ளே வெள்ளையாக இருக்கும் ஒரே அளவுக் கோப்பைகள். நிறத்தைப் பார்க்க வெள்ளைப் பின்னணி வேண்டும், எவர்சில்வர் டம்ளரில் எல்லா டீயும் ஒரே கறுப்பு. வடிகட்டி நான்கு. கைப்பேசியில் நிமிடக் கணக்கு இருக்கிறது.

மூங்கில் தட்டும் சீனக் களிமண் கெண்டியும் இப்போது வேண்டாம். வாங்கியவர் அதைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று நினைப்பார். கூட்டம் கெண்டியைச் சுற்றிப் போய்விடும்.

தேயிலையில் ரகத்துக்கு 50 கிராம் போதும். கணக்கு இதுதான்: எட்டுப் பேர், ஆளுக்கு 40 மில்லி என்றால் 320 மில்லி. இலை உறிஞ்சுவது, வடிகட்டியில் நிற்பது எல்லாம் சேர்த்து 400 மில்லி தண்ணீர், 8 கிராம் தேயிலை. 50 கிராமில் ஆறு கூட்டம் ஓடும். திறந்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில், மசாலா அலமாரியை விட்டுத் தள்ளி வையுங்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். எங்கள் முதல் டார்ஜிலிங் பொட்டலம் இரண்டே வாரத்தில் சீரகத் தண்ணீர் ஆனது.

4. முதல் ஐந்து பேர்

டீயைப் பற்றி நிறையத் தெரிந்தவரைத் தேடாதீர்கள். சொன்ன நேரத்துக்கு வருபவரைத் தேடுங்கள். ஐந்து பேரும் ஒரே அலுவலகமாக இருந்தால் அலுவலகப் பேச்சுதான் நடக்கும். ஒரே குடும்பமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் ஐவரில் ஒரு தையற்காரர், ஒரு கல்லூரி மாணவி, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், நான், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து மருமகளாக வந்த அக்கா ஒருவர்.

அந்த அக்காவின் பாட்டி, 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டத்திலிருந்து நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர். அவர்கள் வீட்டில் டீ என்ற சொல்லே கிடையாது, தேத்தண்ணிதான். முதல் கூட்டத்தில் நாங்கள் சர்க்கரை போடலாமா வேண்டாமா என்று வாதாடிக்கொண்டிருக்க, அவர் உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டு, நாக்கால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு மிடறாகப் பால் சேர்க்காத டீயைக் குடித்தார். வாதம் அத்தோடு முடிந்தது. அவரிடம் தேயிலை பற்றிய புத்தகம் ஒன்றும் இல்லை. இப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

5. நாளைக் குறியுங்கள், பிறகு மாற்றாதீர்கள்

"எல்லாருக்கும் எது வசதி?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்பது வட்டத்தைக் கொல்லும். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை 4 மணி என்று முடிவு செய்தால் அது முடிந்துபோன விஷயம். கல்யாணம் வந்தால் அவர் வரமாட்டார், கூட்டம் நடக்கும்.

நான்கு மணிக்குக் காரணம் உண்டு. மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். சாப்பாட்டோடு குடிக்கும் டீ உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும் என்பதால் அந்த இடைவெளி நல்லது. ஆறு மணிக்குமேல் போனால் இரவு தூக்கம் வராதவர்கள் அடுத்த முறை வரமாட்டார்கள்.

இடம் ஓர் ஓட்டலாகவோ கடையாகவோ இருக்க வேண்டாம். நாங்கள் ஓர் இடத்தில் முயன்றோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "வேறு ஏதாவது வேண்டுமா?" என்று வந்து நின்றார்கள், பக்கத்து மேசையில் சாம்பார் வாசனை. மொட்டைமாடி, வீட்டுத் திண்ணை, நூலகத்தில் கேட்டு வாங்கும் ஓர் அறை இவை நல்லவை. ஊதுபத்தி, வாசனைத் திரவியம், மல்லிகைப்பூ மூன்றும் அன்றைக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூ வைத்துக்கொண்டு வந்துவிட்டவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

6. முதல் கூட்டம்: நான்கு கோப்பை, ஒரு மணி நேரம்

முதல் மூன்று கூட்டங்களுக்குக் கறுப்புத் தேயிலை மட்டும், அதாவது நாம் வழக்கமாக டீ போடும் தேயிலை. கிரீன் டீக்கு 75–80 டிகிரி, இரண்டுக்கும் இடைப்பட்ட ரகமான ஊலாங்குக்கு அதைவிடக் கூட என்று வெப்பம் மாறும். புதிய கைகள் அதில் குழம்பிவிடும். கறுப்புத் தேயிலைக்கு எல்லாம் கொதிநீர்தான்.

நாங்கள் வைத்த நான்கு: நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலை, டார்ஜிலிங், நீலகிரி சி.டி.சி., அசாம் சி.டி.சி. ஆர்த்தடாக்ஸ் என்பது இலையை உருட்டி முறுக்கிச் செய்வது, சி.டி.சி. என்பது நசுக்கி, கிழித்து, குருணையாகச் சுருட்டுவது. இரண்டும் ஒரே தோட்டத்துக் கொழுந்திலிருந்தே வரலாம். சுவை வேறாக இருப்பதற்குச் செய்முறையும் ஒரு காரணம் என்பதை முதல் நாளே நாக்கு அறிந்துகொள்ளட்டும்.

வரிசை மென்மையிலிருந்து கடுமைக்கு. முதலில் டார்ஜிலிங், கடைசியில் அசாம். திருப்பி வைத்தால், அசாமின் பிடி நாக்கில் நிற்க, டார்ஜிலிங் வெந்நீராகத் தெரியும். டார்ஜிலிங்கை வெறுக்கும் ஐந்து பேரை நான் அப்படித்தான் உருவாக்கினேன்.

கோப்பைக்கு அடியில் எண் மட்டும் ஒட்டுங்கள், பெயர் வேண்டாம். பெயரும் விலையும் தெரிந்துவிட்டால் நாக்கு விலையைத்தான் சுவைக்கும். உலர்ந்த இலையை முதலில் முகர்ந்து பாருங்கள். வடித்த பிறகு ஈர இலையை முகருங்கள். பிறகு நிறம். அதன்பின் ஒரு ஸ்பூன் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். வீட்டில் திட்டு வாங்கிய அதே சத்தம். காற்றோடு சேர்ந்து போனால்தான் வாசனை மூக்கின் பின்பக்கம் எட்டும். வெட்கப்படுபவர்கள் இருப்பார்கள், நடத்துபவர் முதலில் உறிஞ்சிக் காட்டினால் சிரிப்போடு சரியாகிவிடும்.

இடையில் வாயைச் சுத்தம் செய்யப் பொரியும் தண்ணீரும். முறுக்கு, மிக்சர் எல்லாம் கடைசிக் கோப்பைக்குப் பிறகு. மிளகாய் பட்ட நாக்குக்கு அரைமணி நேரம் எதுவும் தெரியாது. வெறும் வயிற்றோடு வந்தவர் இருந்தால், தொடங்குவதற்கு முன்பே பிஸ்கட் கொடுங்கள்.

மூன்றாவது கூட்டத்தில் ஒரு விளையாட்டு. மூன்று கோப்பை, இரண்டில் ஒரே டீ, ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிச் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாக வரும் என்பதால் மூன்று சுற்று வையுங்கள். எங்கள் வட்டத்தில் அதிகம் பேசியவர் மூன்றையும் தவறவிட்டார். அது நான்தான்.

7. எழுதிவிட்டுப் பேசுங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். வட்டம் பிழைப்பது இதில்தான் என்பேன்.

இரண்டாவது முயற்சியின்போது நடந்தது இது. ஒரு பெண் கோப்பையை இறக்கிவிட்டு, "நனைந்த சாக்குப் பை வாசனை" என்றார். விவரம் தெரிந்த ஒருவர் சிரித்துவிட்டு, அது இன்ன பழத்தின் வாசனை என்று ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் அதன்பின் இரண்டு கூட்டம் வந்தார், வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதற்கு வரவில்லை. பின்னால் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தபோது இலை ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. அன்றைக்குச் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஆகவே விதி: வடித்த பிறகு ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதை ஒரு வரி எழுத வேண்டும். பிறகு புதியவரிலிருந்து தொடங்கி வாசிக்க வேண்டும், அனுபவசாலி கடைசியில். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்களுக்கும் அதுவே தெரியத் தொடங்கிவிடும்.

சொற்களை இறக்குமதி செய்ய வேண்டாம். பச்சைப் பயறு வேகும் வாசனை, வைக்கோல், நெல்லிக்காய் கடித்தபின் தண்ணீர் குடித்தாற்போல, இரும்புச் சட்டி, புது நோட்டுப் புத்தகம் இவையெல்லாம் எங்கள் குறிப்பேட்டில் இருக்கின்றன. துவர்ப்பு என்ற ஒரு சொல் நம்மிடம் சிறுபிள்ளைக்கும் தெரியும். வாழைப்பூவின் துவர்ப்பா, கடுக்காயின் துவர்ப்பா என்று கேட்டால் பேச்சு தானாக வளரும்.

8. பால் டீயை வெளியே நிறுத்தாதீர்கள்

புதிதாகக் கற்றுக்கொண்டவர்களுக்கு வரும் முதல் நோய், பால் டீ குடிப்பவரை இளக்காரமாகப் பார்ப்பது. நம் ஊரில் டீயை நேசிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பாலும் சர்க்கரையும் சேர்த்துத்தான் நேசிக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு யாரோடு வட்டம் அமைப்பது?

நான்காவது அல்லது ஐந்தாவது கூட்டத்துக்கு ஒரு டீ மாஸ்டரை அழையுங்கள். அன்றைய வருமானத்தைக் கொடுத்து அழையுங்கள். எங்களுக்கு வந்தவர் துணி வடிகட்டியில் டஸ்டைப் போட்டு, கொதிநீரை விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுற்றி ஊற்றினார். நடுவில் ஊற்றினால் குழி விழுந்து தண்ணீர் அப்படியே இறங்கிவிடும், ஓரத்துத் தூள் சும்மா கிடக்கும் என்றார். பழைய சக்கையை ஏன் பிழியக்கூடாது என்று கேட்டோம். பிழிந்த துளியைத் தனியாக ஒரு ஸ்பூனில் நக்கக் கொடுத்தார். பதில் கிடைத்துவிட்டது.

அதே நாளில் கலப்படச் சோதனையும் செய்து காட்டலாம். வடிதாளில் தேயிலையைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, சற்றுப் பொறுத்துத் தூளை எடுத்துவிட்டு, தாளைக் குழாயில் கழுவ வேண்டும். கழுவிய பிறகும் நிறக்கறை பளிச்சென்று நின்றால் சாயம் சேர்த்த தூள். இதற்கென்றே வந்து, பிறகு நிலையாகத் தங்கிவிட்டவர்கள் எங்களிடம் மூன்று பேர்.

9. பணமும் பாத்திரமும்

தலைக்கு மாதம் 100 ரூபாய், வராதவருக்கும் உண்டு. கணக்கைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி எழுதுங்கள். "இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் வாங்கி வர ஆரம்பித்தால், ஆறாம் மாதம் வட்டம் அவருடையதாகிவிடும்.

கழுவுவது யார் என்று முதல் நாளே எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் அந்த வீட்டுப் பெண்தான் கழுவுவார். அவர் குடித்தாரா என்றுகூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்களிடம் மூன்று வேலை சுற்றில் வரும்: தண்ணீர், தராசு, கழுவுதல். வங்கி ஊழியர் முதன்முதலாகக் கோப்பை கழுவிய நாளில் ஒன்று உடைந்தது. சோப்பு வாசனை போகும்வரை அலச வேண்டும் என்பதை அவரே பிறகு எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்.

10. பருவத்தை வைத்து ஆண்டைத் திட்டமிடுங்கள்

அடுத்த மாதம் என்ன என்று தெரிந்தால் ஆட்கள் வருவார்கள். தேயிலையே நாட்காட்டி தருகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நீலகிரியில் பனிக்காலத் தேயிலை. குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் வாசனை கூடியிருக்கும். மார்ச், ஏப்ரலில் பறிக்கும் டார்ஜிலிங் முதல் பறிப்பு கைக்கு வரச் சில வாரம் ஆகும், ஆகவே மே. அசாமின் இரண்டாம் பறிப்பு மே, ஜூனில். அதை ஆகஸ்டில் வையுங்கள். இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைக்கு நல்ல பருவம் ஜூலை முதல் செப்டம்பர் வரை, நமக்கு அக்டோபர். மீதி மாதங்களுக்கு உங்கள் தெருவில் விற்கும் நான்கு பொட்டலங்கள் போதும். கண்ணை மூடிக் குடித்தால் அதுவே பெரிய சண்டை.

11. ஒருமுறையாவது தொழிற்சாலைக்குப் போங்கள்

ஆறு மாதம் முடிந்த பிறகு. முன்னதாகப் போனால் அது சுற்றுலா. நாக்கு கொஞ்சம் பழகியபின் போனால் கேள்விகள் கையில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். பல தோட்டங்களில் அன்று கொழுந்து பறிப்பதில்லை. நாங்கள் போனபோது இயந்திரம் நின்றிருந்தது, காவலாளி டீ கொடுத்து அனுப்பினார். வேலை நாளில், முன்னதாகக் கேட்டுக்கொண்டு, பத்துப் பேருக்குள் போங்கள். நீலகிரியில் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் பல இருக்கின்றன; அவற்றின் கூட்டமைப்பான இண்ட்கோசர்வ் குன்னூரில் இருக்கிறது. வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை உண்டு. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

பசுந்தேயிலை வாடும் தொட்டிக்குப் பக்கத்தில் சற்று நேரம் நில்லுங்கள். ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் கொழுந்து போகிறது என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். கையில் ஒரு பிடி அள்ளி, உடையாமல் மடங்குகிறதா என்று பார்க்கும் பழக்கம் தொழிலாளர்களுக்கு உண்டு. உங்களையும் செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விவசாயி ஒருவர் இருந்தால் கிலோ பசுந்தேயிலைக்கு அன்றைக்கு என்ன விலை என்று விசாரியுங்கள். திரும்பும் வழியில் பஸ்ஸில் அதைத் தவிர வேறு பேச்சு இருக்காது.

குன்னூரிலேயே ஒரு கோப்பை போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் இதை நினைவில் வையுங்கள்: 1,850 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊரில் போட்ட அதே டீ அங்கே மென்மையாகத் தெரியும். மலைக்காற்றும் காரணமாக இருக்கலாம், ஆனால் தண்ணீரை முதலில் சந்தேகியுங்கள்.

12. பன்னிரண்டு பேருக்குமேல் போனால் பிரியுங்கள்

பதின்மூன்றாவது கோப்பையை ஊற்றி முடிப்பதற்குள் முதல் கோப்பை ஆறிவிடும். அப்போது ஒரே டீயை யாரும் குடிப்பதில்லை. காரணம் அவ்வளவுதான். பழையவர் மூன்று பேர், தராசு ஒன்று, குறிப்பேட்டின் நகல் ஒன்றோடு வேறு பகுதியில் புதிய வட்டம் தொடங்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்து கூடலாம். அன்றைக்குப் பால் டீயும் பஜ்ஜியும், தராசு வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவில் தேதியும் இடமும் மட்டும். காலை வணக்கப் படம் அனுப்புபவருக்கு அடுத்த மாதம் கழுவும் முறை.

மழை பெய்யும் ஞாயிற்றில் மூன்று பேர்தான் வருவார்கள். தள்ளி வைக்காதீர்கள். 150 மில்லி தண்ணீர், 3 கிராம் தேயிலை, 4 நிமிடம்.